பட்டியலில் இல்லாத காது மெஷின்

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கு எதிரே, பிணவறைக்கு இரண்டு கதவு தள்ளி, ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. கதவில் 'சாதனங்கள் இருப்பிடப் பிரிவு' என்று பலகை. பிரிவு என்றதும் பத்துப் பேர் உட்கார்ந்து கோப்பு புரட்டுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இருப்பது ஒரே ஆள். பிரிவின் தலைவர், துணைத் தலைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவரே. வயது ஐம்பத்தெட்டு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. மற்றபடி தலைமை மருத்துவர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் 'மோப்பம்'.

காணாமல் போகும் வீல்சேர்களைக் கண்டுபிடிப்பது மோப்பத்தின் வேலை. அவ்வளவு பெரிய நாற்காலி எப்படிக் காணாமல் போகும் என்று கேட்பவர்கள் பெரிய மருத்துவமனையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நோயாளியைத் தவிர மற்ற எல்லாம் அதில் பயணம் செய்யும். கோப்புகள் போகும், துணி மூட்டை போகும், மதிய வேளையில் காவலர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடித் தியானம் செய்வார்.

இதற்கு ஒரு நிறுவனம் பெரிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் விலையைப் பார்த்த இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதுதான், அதுவரை எலக்ட்ரீஷியனாக மின்விசிறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மோப்பம், "நான் பண்றேன் சார்" என்றார். கடைத்தெருவில் குவித்து வைத்து விற்கும் புளூடூத் அடாப்டர்களில் ஒரு பை நிறைய வாங்கினார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. எடைக்குப் போகவிருந்த பழைய கம்ப்யூட்டர்களை மாடிக்கு இரண்டாக மறைவான மூலைகளில் வைத்து, அடாப்டரைச் செருகி, இலவசமாகக் கிடைத்த ஸ்கேன் மென்பொருளை ஓடவிட்டார். வீல்சேர், ட்ராலி, மருந்து செலுத்தும் பம்ப் என்று நகரக்கூடிய எல்லாவற்றின் அடியிலும் பொத்தான் அளவில் ஒரு வில்லையை ஒட்டினார். வில்லை நொடிக்கொரு தரம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். அடாப்டர் அதைக் கேட்டுக் கீழே அவருடைய திரையில் பட்டியல் போடும். முதல் மாதத்திலேயே நாற்பத்தொரு வீல்சேர்கள் அகப்பட்டன. அதில் ஒன்று இயக்குநர் அறையில் தொப்பிகளும் குடைகளும் வைக்கப் பயன்பட்டு வந்த விவரம் அறிக்கையில் இடம்பெறவில்லை. மோப்பம் பிழைக்கத் தெரிந்தவர்.

பட்டியலைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு மைனஸ் எண் வரும். மைனஸ் நாற்பது என்றால் சாதனம் கைக்கெட்டும் தூரத்தில். மைனஸ் எழுபது என்றால் சுவர் தாண்டி. மைனஸ் தொண்ணூறு என்றால் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் பெயரே இல்லை என்றால்? "இல்லைன்னா ஆஃப் ஆயிருக்குன்னு அர்த்தம்," என்பார் மோப்பம், நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் குரலில். "மெஷின் பொய் சொல்லாது."

இந்த வாக்கியத்தை அவர் வீட்டுக்கும் எடுத்துச் சென்றதில்தான் வினை தொடங்கியது.

அவர் மனைவி அதே மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்புகளும் அவள் குரல்தான். 'மூன்றாவது மாடிக்கு எலக்ட்ரீஷியன் உடனே வரவும்' என்று அந்தக் குரல் கூப்பிடும்போதெல்லாம், ஃப்யூஸ் போகாத நாளிலும் ஃப்யூஸ் போகாதா என்று மோப்பம் ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஏக்கம் நின்றுபோனது இயல்பே. இருபத்தாறு வருடம் ஹெட்போன் மாட்டிய காதுகள் மெல்ல மெல்ல மந்தமாயின. ஊரையே கூப்பிட்டவளைக் கூப்பிட, கடைசியில் தோளைத் தொட வேண்டியிருந்தது. வேலையை விட்டாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். புளூடூத் உள்ளது.

மோப்பம் முதல் நாளே அதைத் தன் லேப்டாப்பில் பிடித்துவிட்டார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் ஓர் அடாப்டர் செருகிய லேப்டாப் எந்நேரமும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தது. அண்டை வீட்டு விவரங்கள் எல்லாம் அவருக்கு அத்துபடி. மாடி வீட்டுக்காரர் எடை பார்க்கும் மெஷின் வாங்கியதும், அது மூன்று காலை பட்டியலில் வந்து நான்காம் நாளிலிருந்து வராமல் போனதும் அவருக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பையன் பாடம் படிப்பதாகச் சொல்லும் நேரத்தில் அவன் ஹெட்போன் விழித்திருக்கிறது என்பதும் தெரியும். இப்போது மனைவியின் காதும் பட்டியலில் ஒரு வரியாக வந்து சேர்ந்தது. அவள் மாட்டினால் வரி வரும், கழற்றி அணைத்தால் போகும்.

உலகத்தில் எந்தக் கணவனுக்கும் கிடைக்காத வசதி இது. மனைவிக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். வரி இருந்தால் மோப்பம் நல்ல புருஷன். "ரசம் நல்லா இருக்கும்மா," என்று வாய்விட்டுப் பாராட்டுவார். வரி இல்லையென்றால், மனதில் உள்ளதை மனதிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, அவள் முதுகைப் பார்த்து, உப்பிலிருந்து மாமியார் வரை எல்லாவற்றையும் பற்றி முணுமுணுப்பார். மனம் லேசாகிவிடும். யாருக்கும் சேதம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மகள் அம்மாவுக்கு ஒரு நல்ல போன் அனுப்பினாள். அதன்பின் பட்டியலில் அந்த வரி அபூர்வமாகிவிட்டது. எப்போதாவது போனில் சார்ஜ் தீர்ந்து கிடக்கும் நாளில் ஒரு மணி நேரம் தலைகாட்டும், பிறகு காணோம். மோப்பம் இதைக் கவனித்தார், தப்பாகக் கணக்குப் போட்டார். தன் பேச்சு பிடிக்காமல்தான் அவள் மெஷினை அணைத்துவிடுகிறாள் என்று முடிவு கட்டினார். மனசு சுருக்கென்றது. கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? 'சரி, அணைச்சுக்கோ' என்று பழிவாங்கும் விதமாக இன்னும் தாராளமாக முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் ஒரு விசித்திரமும் நடந்து வந்தது. சட்டைக் காலர் கழுத்தில் உறுத்துகிறது என்று ஒருநாள் சமையல்கட்டு வாசலில் முணுமுணுத்தார். இரண்டு நாளில் எல்லாச் சட்டைகளின் காலரும் பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டிருந்தன. முழங்கால் வலி என்றார், படுக்கைக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பை முளைத்தது. மோப்பம் பெருமிதம் கொண்டார். "பாத்தியா, இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணினா சொல்லாமலே தெரியும்," என்று சலவை அறைக்காரரிடம் அளந்தார்.

போன வருடம் மழை தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை. சாவியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் இருபது நிமிடம் கதவைத் தட்டிக்கொண்டு நனைந்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வந்து திறந்தாள். உள்ளே போய்த் தலையைத் துவட்டிவிட்டு, பெட்டியிலிருந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, துணி மடிக்க உட்கார்ந்தாள். உடை மாற்றிவிட்டு வந்த மோப்பம் வழக்கம்போல் லேப்டாப்பைப் பார்த்தார். வரி இல்லை.

"தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு," என்றார் அவள் முதுகிடம். "இந்தக் காதோட மல்லுக்கட்டியே என் ஆயுசு முடிஞ்சிடும். இவ எனக்கு முந்திப் போயிட்டான்னா, பொண்ணு வீட்டுல ஒரு மூலை ரூமா வாங்கிட்டு நிம்மதியா இருப்பேன். கூப்பிட்டா திரும்பிப் பாக்கற மனுஷங்களோட."

அவள் ஒரு துண்டை மடித்து முடித்தாள். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு திரும்பி, "ஏங்க, டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

போடச் சொல்லி அவர் தலையை ஆட்டினார்.

ஐந்து மாதம் கழித்து அவள் போய்விட்டாள். இதயம். இரண்டு நாள் நான்காவது மாடியில் இருந்தாள், மூன்றாம் நாள் காலை முடிந்துவிட்டது. மோப்பம் கூடவே இருந்தார். கையெழுத்துப் போட வேண்டியதையெல்லாம் போட்டுவிட்டு, பையை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கி வந்தவர், திரை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ட்ராலி ஒன்பது நான்காவது மாடியிலிருந்து கிளம்பியிருந்தது. லிஃப்ட் அருகே மைனஸ் தொண்ணூறு. கீழ்த்தள நடையில் மைனஸ் எழுபத்தைந்து. அந்த நடையில் சலவை அறை உண்டு, ஆனால் துணி ட்ராலியில் வருவதில்லை. மைனஸ் அறுபது. வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறக்கவில்லை. மைனஸ் நாற்பத்தொன்று. பிறகு மெல்ல எழுபத்திரண்டுக்குப் போய், அங்கேயே நின்றது. இரண்டு கதவு தள்ளி.

துக்கத்தில் எத்தனையோ வகை. மோப்பத்தின் துக்கம் ஆவணத்தோடு கூடியது. எல்லாம் முடிந்து தனியாக உட்கார்ந்த முதல் வாரத்திலேயே, அந்த மழை மாலையில் தான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. லேப்டாப்பில் பழைய ஸ்கேன் பதிவுகள் அப்படியே இருந்தன. தேதியைத் தேடினார். மாலை ஆறு நாற்பது. மாடி வீட்டு டிவி இருந்தது, எதிர்வீட்டு ஹெட்போன் இருந்தது. காது மெஷின் இல்லை. ஆக, அணைந்திருந்தது. கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மருத்துவமனை பிரிண்டரில் அச்செடுத்து நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். கைதி ஒருவன் தன்னுடைய விடுதலைத் தீர்ப்பை வைத்திருப்பதுபோல். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது விரல் அதில் படும். படும்போதெல்லாம் ஒரு மூச்சு சீராக வரும். இந்த ஐந்து மாதமாக அவரைச் சாப்பிட வைத்ததும் தூங்க வைத்ததும் அந்தத் தாள்தான்.

மகள் வாரம் தவறாமல் கூப்பிட்டாள். "வந்துடுங்கப்பா. ரூம் ரெடியா இருக்கு. இன்னும் எத்தனை நாள்தான் தனியா?" "பாக்கலாம்மா," என்பார். வீல்சேர்கள் அவரை விட மாட்டேன் என்கின்றன என்பார்.

இப்படி இருக்கையில் பம்ப் இருபத்துமூன்று காணாமல் போனது. நரம்பு வழியாக மருந்தை அளந்து செலுத்தும் புது பம்ப். பழையவற்றுக்கு மோப்பம் வில்லை ஒட்டியிருந்தார். புதியதில் புளூடூத் உள்ளேயே இருந்ததால் ஒட்டவில்லை. வந்த அன்று பட்டியலில் பளிச்சென்று தெரிந்த சாதனம் மூன்று நாளாக இல்லை. 'நான்காவது மாடியில் விலையுயர்ந்த பம்ப் ஒன்றை அணைத்து எங்கோ போட்டு வைத்திருக்கிறார்கள்' என்று மோப்பம் எழுத்துபூர்வமாகக் குற்றம் சாட்டினார். ஒரு மணி நேரத்தில் நான்காவது மாடி நர்ஸ் போன் செய்தார்.

"என்ன மோப்பம் சார், மூக்கடைப்பா?"

"பம்ப் எங்கம்மா?"

"மேல வந்து பாருங்க."

மேலே போனார். மனைவி படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்த கட்டில். ஒரு பெரியவர் படுத்திருந்தார். தலைமாட்டில் பம்ப் இருபத்துமூன்று பச்சை விளக்கோடு கடமையே கண்ணாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது ஆஃப்ல இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க," என்றார் நர்ஸ். "இவர்கிட்டயும் சொல்லிடுங்க. பாவம், தெரியாம உயிரோட இருக்கார்."

பெரியவர் சிரித்தார். மோப்பம் சிரிக்கவில்லை. அடித்தளத்துக்கு வந்து பம்ப் கம்பெனியைக் கூப்பிட்டார். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"சார், அது பக்கத்துல இருக்கற மானிட்டரோட கனெக்ட் ஆயிருக்கும். கனெக்ட் ஆனதும் கூப்பிடறதை நிறுத்திடும். அதான் உங்க லிஸ்ட்ல வரலை. தனியா இருக்கறதுதான் சார் 'நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு கத்திட்டே இருக்கும்."

"ஆஃப் பண்ணினாலும் வராது."

"ஆமா, அப்பவும் வராது."

"அப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"லிஸ்ட்டை வச்சுத் தெரியாது சார். கிட்டப் போய்ப் பாக்கணும்."

மோப்பம் நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனார். வைக்கவில்லை.

"எல்லா சாதனமும் இப்படியாம்மா?"

"முக்கால்வாசி இப்படித்தான் சார்."

"காது மெஷின்?"

"போனோட சேர்ந்திருந்தா அதுவும்தான்."

"சேர்ந்திருக்கும்போது... காது கேக்குமா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காது மெஷினே அதுக்குத்தானே சார். கேக்கும்."

ரிசீவரை வைத்துவிட்டு மோப்பம் திரையைப் பார்த்தார். தனியாக இருந்த வீல்சேர்கள் எல்லாம் தங்களை அறிவித்துக்கொண்டிருந்தன. கழுத்தில் கை வைத்தார். காலர் உறுத்தவில்லை. இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தின் மகிமை என்று சலவை அறைக்காரரிடம் அளந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. உப்பு குறைந்தது, வெந்நீர்ப் பை வந்தது, மாமியார் பேச்சு எடுத்த வாரத்தில் மாமியார் படம் ஹாலிலிருந்து உள்ளறைக்குப் போனது. ஒவ்வொன்றும் மகிமை என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனாலும் ஒரு நூலிழை மிச்சம் இருந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவள் உண்மையிலேயே அணைத்திருக்கலாம் அல்லவா? குளித்துவிட்டு வந்தவள், போடாமலே இருந்திருக்கலாம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு, நிறுத்தத்திலேயே நின்று மகளைக் கூப்பிட்டார்.

"எனக்காக ரூம் ஒதுக்கி வச்சிருக்கேன்னு சொல்றியே. அது யார் யோசனைம்மா?"

"அம்மாவோடதுதான். ஏம்பா?"

"எப்போ சொன்னா?"

"போன வருஷம். மழை பெய்யுது, துணி காயலைன்னு பேசிட்டே இருந்தவங்க திடீர்னு சொன்னாங்க. 'அப்பாவுக்கு உன் வீட்டுல வந்து இருக்க ஆசை. வாய் விட்டுக் கேக்க மாட்டார். ஒரு மூலை ரூமா பாத்து வை. கூப்பிட்டா திரும்பிப் பாக்கற ஆளுங்க பக்கத்துல இருக்கணும் அவருக்கு'ன்னாங்க."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"'உங்ககிட்ட அப்பாவே சொன்னாரா'ன்னு நான்கூட அம்மாகிட்ட கேட்டேன்," என்றாள் மகள். "'என்கிட்ட எங்க சொன்னார், சமையல்கட்டுகிட்ட சொன்னார்'னு சிரிச்சாங்க. 'நான் கேக்கலைன்னு நெனைக்கறப்பதான் உங்கப்பா நெசத்தைப் பேசறார். அதைப் போய்க் கெடுப்பானேன்'னாங்க. அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. பஸ் வந்துருச்சு," என்றார். வந்த பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடும் நேரம். அலமாரியின் இழுப்பறையில், அவளுடைய மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில், காது மெஷின் தன் பெட்டியில் கிடந்தது. போனும் அதன் பக்கத்திலேயே. மோப்பம் முதலில் மெஷின் பெட்டியை மட்டும் சார்ஜில் போட்டார். அரை மணி கழித்து மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்து, லேப்டாப்பைப் பார்த்தார். வரி வந்தது. மைனஸ் முப்பத்தெட்டு. ஐந்து மாதம் இழுப்பறையில் கிடந்தது இப்போது நொடிக்கொரு தரம் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு போனைச் சார்ஜில் போட்டார். திரை ஒளிர்ந்தது. மகளும் பேத்தியும் இருக்கும் படம். மேலே ஓரத்தில் ஒரு சின்ன புளூடூத் குறி சிமிட்டியது, நிலைத்தது.

பட்டியலில் வரி போய்விட்டது.

மேஜையில், கையெட்டும் தூரத்தில், மெஷின் இருந்தது. அதன் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பட்டியலில் மாடி வீட்டு டிவி இருந்தது, எதிர்வீட்டு ஹெட்போன் இருந்தது. ஆறு நாற்பதன் பதிவு எப்படி இருந்ததோ அப்படியே.

மோப்பம் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்தார். மடிப்புகள் பஞ்சாகியிருந்தன. அதைப் பிரிக்காமல் மெஷினுக்குக் கீழே வைத்தார். வரி இல்லாதபோது அடை மழையாகப் பேசியே பழகிய வாய். இப்போது வரி இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. சமையல்கட்டு இருட்டாக இருந்தது, வாசலில் போய் நிற்கவும் முடியவில்லை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார்.

"காலர் இப்ப உறுத்தலம்மா," என்றார்.

சிறிது நேரம் கழித்து, அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.